ஆட்டுப்பட்டியில் ஐந்து உடல்கள்: மூதூர்ப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே, குளம் ஒன்றை அண்டிய கிராமத்தில் நடந்தது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். நான் அந்தப் பிரதேசத்தில் கால்நடைகளுக்கான வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்தேன். சரியாகச் செய்ததையும் பிழையாகச் செய்ததையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு விடியற்காலை வேறு ஊரில் வேறொருவருக்கும் வரக்கூடும்.

உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மனைவி, பதினான்கு வயது மகள், வயதான தாய் என்று வீட்டில் நான்கு பேர். 22 ஆடுகள், கன்றுகளோடு சேர்த்து 9 மாடுகள். மகளின் ரியூஷன் காசும் தாயின் மருந்துக் காசும் ஆட்டை விற்றுத்தான் வருகிறது. பட்டி வீட்டின் பின்புறத்தில் இருந்தது. அலம்பலும் பழைய மீன்வலையும் சேர்த்துக் கட்டிய வேலி, நெஞ்சளவு உயரம். கூரை இல்லை, மாரியில் மட்டும் மேலே தறப்பாள் கட்டுவார்கள். பட்டிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் பற்றைக்காடு, அதைத் தாண்டினால் குளக்கட்டு.

ஆடி மாதம். கச்சான் காற்று நாள் முழுக்க அடித்து, குளம் வற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கிழமைக்கு முன்பு பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது, உடம்பில் புள்ளி உள்ள மிருகம் ஒன்று குளத்து வீதியைக் குறுக்கே கடந்ததைக் கண்டிருந்தார். "புலி வந்திட்டுது" என்ற பேச்சு அன்றே ஊரில் தொடங்கிவிட்டது. சிறுத்தையை எங்கள் பக்கம் புலி என்றே சொல்வோம். ஆட்டுக்கு ஒன்று நடக்கும் முன்பே, செய்தவன் யார் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருந்த நிலையில்தான் அந்த இரவு வந்தது.

முதல் நாள் காலை

ஆறு மணிக்குப் பிறகு போன் வந்தது. "சேர், ஆட்டையெல்லாம் புலி அடிச்சுப் போட்டுது. அஞ்சு செத்துப் போச்சு. கெதியா வாங்க." நான் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிட்டது. அதற்குள் ஐம்பது அறுபது பேர் பட்டிக்குள் நடந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மண் முழுக்கச் செருப்புத் தடம். ஐந்து ஆடுகள் வெவ்வேறு இடங்களில் கிடந்தன. மூன்று காயத்தோடு உயிருடன் நின்றன. மீதிப் பதினான்கும் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி நடுங்கிக்கொண்டிருந்தன.

மகள் விடியும்போதே, ஆட்கள் வருமுன், தாயின் போனில் பதினொரு படம் எடுத்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தகப்பனுக்கு நட்டஈடு கேட்க உதவும் என்று நினைத்து எடுத்தாளாம். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான சாட்சியம் அந்தப் பதினொரு படங்கள்தான்.

உடல்களில் கண்டது

வேட்டையாடும் ஒவ்வொரு விலங்குக்கும் தன் உடம்புக்கு ஏற்ற ஒரு முறை உண்டு. அந்த முறை, செத்த விலங்கின் மேல் எழுதிவைத்த மாதிரி இருக்கும். அதனால் உடலைத் தொடாமல் முடிவு சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். உரிமையாளரிடம் செத்த மறி (பெட்டை ஆடு) ஒன்றைத் தோலுரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"செத்ததை ஏன் சேர் உரிக்கிறது? காயம்தான் வெளியிலேயே தெரியுதே."

"வெளியில தெரியிறது கொஞ்சம் அண்ணன். உள்ளுக்குப் பார்ப்பம்."

என்னிடம் கையுறை ஒரு சோடிதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் கையில் இரண்டு மடிப்பாகப் பொலித்தீன் பை கட்டிக்கொண்டேன். கடிபட்டுச் செத்த விலங்கை வெறுங்கையால் தொடக்கூடாது. வெளியில் பார்க்க அந்த மறியின் பின்காலில் மயிர் நனைந்த நாலைந்து இடங்கள் மட்டுமே தெரிந்தன. தோலை விலக்கியதும் தொடையிலிருந்து முழங்கால் வரை இறைச்சி முழுவதும் நாவற்பழ நிறத்தில் இரத்தம் கட்டிப்போய்க் கிடந்தது. பல் இறங்கிய துளைகளைப் பதினேழு வரை எண்ணி நிறுத்தினேன். தோலுக்கடியில் இப்படி இரத்தம் கட்டியிருந்தால் கடி விழுந்தபோது உயிர் இருந்தது என்று பொருள். செத்த பிறகு கடித்த இடத்தில் இரத்தம் கட்டாது. அடுத்ததாகக் கழுத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது. மூச்சுக்குழல் நசுங்கவில்லை. உரிமையாளர் வாயைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுத்தை இப்படிக் கொல்லாது. அது ஓடிக் களைக்கவைத்துப் பிடிக்கும் விலங்கு இல்லை. பதுங்கிப் பதுங்கி மிகக் கிட்ட வந்து, கடைசிச் சில மீற்றரை மட்டும் பாய்ந்து கடக்கும். பாய்ச்சல் தவறினால் பெரும்பாலும் பின்தொடராது. ஆடு, மான் அளவு இரையைத் தொண்டையில் கவ்வி, மூச்சு நிற்கும்வரை விடாமல் பிடித்திருக்கும். சின்ன இரை என்றால் பிடரியில் ஒரே கடி. அதனால் காயங்கள் குறைவாகவும் ஆழமாகவும் ஒரே இடத்திலும் இருக்கும். கொன்றதை மறைவுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆபிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் பறித்துவிடும் என்பதால் சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றும். இலங்கையில் தரையில் வேட்டையாடும் விலங்குகளில் பெரியது சிறுத்தையே. பறிக்க ஆளில்லாததால் இங்கே அது மரத்தில் ஏற்றுவது அபூர்வம். பற்றைக்குள் இழுத்துவைத்தால் அதற்குப் போதும். இந்தப் பட்டியிலோ ஐந்து உடலும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. நெஞ்சளவு வேலி சிறுத்தைக்கு ஒரு பொருட்டில்லை, ஆனால் இங்கே வலையின் அடி கிளறப்பட்டிருந்தது. வந்தது கீழால் நுழைந்திருக்கிறது.

நரியும் என் நினைவில் இருந்தது. எங்கள் ஊர் நரி சோடியாகத் திரியும். எலி, பழம், செத்தது எல்லாம் தின்னும். ஆட்டுக்குட்டி அகப்பட்டால் விடாது. ஆனால் வளர்ந்த மறிகள் ஐந்தை ஒரே இரவில் கொல்வது பத்துக் கிலோ எடைகூட வராத மிருகத்துக்கு இலேசான காரியம் இல்லை. மேலும் நரி கொன்றால் வயிற்றைத் திறந்து தின்றிருக்கும். இங்கே ஒரே ஒரு ஆட்டின் தொடை கொஞ்சம் கிழிக்கப்பட்டிருந்தது. மற்ற நான்கும் தின்னப்படவே இல்லை. வெங்கணாந்தி என்ற மலைப்பாம்பு வந்திருந்தால் உடலே இருந்திராது. அது உதட்டிலுள்ள குழிகளால் உடல் சூட்டை உணர்ந்து, சுற்றி நெரித்து, முழுதாக விழுங்கிவிடும். நெரிப்பது மூச்சை நிறுத்த என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். 2015இல் போவா வகைப் பாம்பில் செய்த ஆய்வு, அதற்கு முன்பே இரத்த ஓட்டம் தடைப்பட்டுவிடுகிறது என்று காட்டியது.

பின்கால், வாலடி, காது, விலா என்று கண்ட இடமெல்லாம் கடி. பல ஆடுகள் அடிபட்டும் தின்றது சொற்பம். வேலிக்கு அடியால் வந்த வழி. இவை எல்லாம் சேர்ந்து காட்டுவது நாய்க்கூட்டத்தை.

நாய் ஏன் தின்னாமல் கொல்கிறது என்று பலரும் கேட்பார்கள். நாயின் மூதாதை ஓநாய். ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: கண்ணால் குறிவைத்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், தின்னுதல். மனிதன் நாயைப் பழக்கிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இந்தச் சங்கிலி அங்கங்கே அறுந்துவிட்டது. மந்தை மேய்க்கும் நாய் துரத்துவதோடு நிற்கும். தெருநாய் துரத்தும், கவ்வும். தின்னுவதற்கு வேறிடத்தில் சோறு உண்டு. அடைத்துவைத்த ஆடு தப்பி ஓட முடியாமல் சுற்றிச் சுற்றி ஓடும்போது, துரத்து, கவ்வு என்ற தூண்டல் நாய்க்கு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். காட்டில் ஒன்று விழுந்ததும் மற்றவை ஓடி மறைந்துவிடும். பட்டியில் மறைய இடமில்லை.

அப்படியிருந்தும் ஊர் நம்பவில்லை. மகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். ஏழாவது படத்தில், தண்ணீர்த் தொட்டி வழிந்து ஈரமாயிருந்த மண்ணில் நான்கு தடங்கள். அகலத்தை விட நீளம் கூடியவை. விரல்களின் நுனியில் நகம் குத்திய புள்ளிகள் தெளிவாக இருந்தன. பூனைக் குடும்பம் நடக்கும்போது பொதுவாக நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். சிறுத்தைத் தடம் வட்டமாக, நகமில்லாமல், பின்பக்கம் மூன்று மடிப்போடு இருக்கும்.

நஞ்சுப் போத்தல்

நான் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு இளைஞர் ஒரு போத்தலோடு வந்தார். வயலுக்கு அடிக்கும் மருந்து. உடலில் பூசிப் பற்றையில் போட்டுவிட்டால் புலி திரும்பி வந்து தின்று செத்துவிடும் என்பது அவருடைய திட்டம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலிக்கு அப்பால் அவருடைய ஆறு ஆடுகள் நின்றன.

"தம்பி, நீர் கண்டது எந்த அளவில இருந்தது?"

"பெரிய நாயளவு சேர். புள்ளி வடிவாத் தெரிஞ்சது."

"வால்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வால் கட்டை மாதிரித்தான் இருந்தது."

சிறுத்தையின் வால் நீளம். அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டேன்.

நஞ்சு வைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்தியதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. நஞ்சு பூசிய உடலுக்கு முதலில் வருவது புலியாக இருக்காது. காகம், பருந்து, உடும்பு, நரி, வீட்டு நாய் எல்லாம் வரும். அவற்றின் உடலைத் தின்பவையும் சாகும். மழை வந்தால் மிச்சம் குளத்துக்குள் போகும். அந்தக் குளத்தில்தான் ஊர் குளிக்கிறது. இரண்டாவது சட்டம். 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிறுத்தையைக் கொல்வது குற்றம். மூன்றாவது காரணம்தான் ஊருக்கு உறைத்தது: குற்றவாளி நாய்க்கூட்டம் என்றால், புலியைக் கொன்றாலும் அடுத்த கிழமை இன்னும் ஐந்து ஆடு சாகும்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்ற படங்கள் இங்கே எல்லோருடைய போனிலும் வந்திருந்தன. 2020 மே மாதம் மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் சிக்கி இறந்ததும் பலருக்கு நினைவிருந்தது. அந்த உயிர்களைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தத்தை அன்று அங்கே சொல்லவில்லை. ஐந்து ஆட்டைப் பறிகொடுத்தவர் முன்னால் அது எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. ஆட்டைக் காப்பாற்றுவது பற்றி மட்டுமே பேசினேன். இளைஞர் போத்தலைத் திரும்பக் கொண்டுபோனார். அதைக் கொட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று எடுத்த மற்ற முடிவுகள்: ஐந்து உடலையும் நெஞ்சளவு குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். இறைச்சியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன், ஏனென்றால் கடித்த நாய்க்கு விசர் (வெறிநோய்) இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. உயிருடன் இருந்த மூன்றின் காயங்களையும் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் ஓடும் தண்ணீரில் கழுவினோம். கால்நடை வைத்தியர் மதியம் வந்து தடுப்பூசி தொடங்கினார். மூன்றும் வேறாக அடைக்கப்பட்டன. விடியற்காலையில் வெறுங்கையால் காயத்தைத் துடைத்த உரிமையாளரின் மனைவியை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் போக விரும்பவில்லை. மாமியார்தான் அதட்டி அனுப்பினார்.

கமராவில் பட்டவை

ஊர் முழுதாக நம்ப வேண்டுமென்றால் கண்ணால் காண வேண்டும். காட்டு விலங்குகளை இரவில் படம் பிடிக்கும் தானியங்கிக் கமரா ஒன்றைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கி, கிளறப்பட்ட இடத்தை நோக்கிக் கட்டினோம். மூன்றாம் இரவு 2.10க்கு நான்கு நாய்கள் வந்தன. இரவில் பட்டிக்குள் ஆளும் விளக்கும் இருந்ததால் உள்ளே நுழையவில்லை. மூன்று நாய்களை யாருக்கும் தெரியாது. சந்தியில் இறைச்சிக் கழிவு கொட்டும் இடத்தில் திரிபவை என்று பிறகு தெரிந்தது. நான்காவது உரிமையாளரின் சொந்த நாய்.

படத்தை மகளின் கையில் கொடுத்தபோது அவள் அழுதாள். பகலெல்லாம் அதே ஆடுகளுக்கு நடுவில் படுத்துக்கிடக்கும் நாய் அது. தனியாக இருக்கும்போது அந்த நாயின் சாதுவான குணம் பொய்யில்லை; கூட்டம் சேர்ந்ததும் வேறு நாயாகிவிட்டது, அவ்வளவுதான். உரிமையாளர் அன்றே அதைக் கொன்றுவிடப் போனார். மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரவில் கட்டிவைப்பது என்ற நிபந்தனையோடு விட்டார்.

கமரா மேலும் ஒன்பது இரவு இருந்தது. முள்ளம்பன்றி, மரநாய், ஒரு சோடி நரி எல்லாம் பட்டன. கமராவைக் கடைசி மூன்று இரவு குளத்தோரத்துக்கு மாற்றியபோது மீன்பிடிப் பூனை ஒன்று வந்தது. கட்டையான கால், கட்டையான வால், முதுகில் வரிசையாக ஓடும் புள்ளிகள். தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து, முன்காலால் நீரைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் தலையோடு பாய்ந்து மீனைக் கவ்விக்கொண்டு போனது. வீட்டுப் பூனையைப் போல இரு மடங்கு பெரிது. இருட்டில், மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில், இதைச் சிறுத்தை என்று நினைப்பவர்கள் ஏராளம். இளைஞரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதாயும் இருக்கலாம் சேர்" என்றார். அதற்குமேல் நானும் அழுத்தவில்லை.

பட்டியை மாற்றிய முடிவு

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. புதிய வேலி போடக் காசும் கம்பியும் சேர மூன்று கிழமை ஆகும் என்றார் உரிமையாளர். அதுவரை ஆடுகளையும் கன்றுகளையும் குளத்தின் மறுகரையில் இருக்கும் மச்சானின் காணிக்கு மாற்றலாமா என்று கேட்டார். அங்கே சுற்றுமதில் இருந்தது, சந்தியிலிருந்தும் தூரம். நல்ல யோசனை என்றேன். நாயிடமிருந்து காப்பாற்ற அது உண்மையாகவே நல்ல இடம். ஆனால் காணிக்குள் கிணறு வற்றியிருந்தது. மாடும் ஆடும் தினமும் பின்னேரம் ஐந்தரைக்கு அலைகரைக்குப் போய்த் தண்ணீர் குடித்தன. ஒரே நேரம், ஒரே பாதை.

முதல் நாளே, குளக்கட்டில் நின்று சுற்றிப் பார்த்தபோது, வற்றிய சேற்றில் அகலமான வழுக்கல் தடம் ஒன்றைக் கண்டிருந்தேன். நடுவில் வால் இழுத்த கோடு, இரு பக்கமும் கால் பதிந்த குழிகள். முதலை. குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. என் மனம் முழுக்க நாயாகவே இருந்தது. ஊர் புலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி நான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்தொன்பதாம் நாள்

ஆவணி பிறந்திருந்தது. பின்னேரம் ஐந்தே முக்கால் அளவில் ஏழு மாத நாம்பன் கன்று ஒன்று தண்ணீரில் வாய் வைத்தபோது, நீர் வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டதாக மச்சான் சொன்னார். திரும்பிப் பார்க்கும்போது கன்றின் பின்பாதிதான் வெளியில் தெரிந்தது. அவர் ஓடி வருவதற்குள் அதுவும் இல்லை. மறுநாள் காலை உடலின் ஒரு பகுதி நாணலுக்குள் மிதந்தது.

குளத்து முதலை கரையில் துரத்தி வேட்டையாடுவது குறைவு. அதன் பலம் காத்திருப்பதில் இருக்கிறது. கண்ணும் மூக்கும் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே. மற்ற உடம்பு முழுக்க உள்ளே. தாடைத் தோலில் இருக்கும் நுண்ணிய புள்ளிகள் நீரின் சின்ன அசைவையும் உணரும். குளிர்இரத்தப் பிராணி என்பதால் உணவுத் தேவை குறைவு; வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் அவசரமே இல்லை. கால்நடை எந்த நேரம், எந்த இடத்தில் இறங்குகிறது என்று நாட்கணக்கில் கவனிக்க அதற்குப் பொறுமை உண்டு. பிடித்த பிறகு ஆழத்துக்கு இழுத்து மூழ்கடிக்கும். பல் கூம்பு வடிவம், அரைத்துத் தின்ன முடியாது. ஆகவே கவ்வியபடி உடம்பைச் சுழற்றிப் பிய்த்து விழுங்கும். வரட்சி எல்லாவற்றையும் மோசமாக்கும். நீர் சுருங்கச் சுருங்க, பரந்து கிடந்த முதலைகள் மிச்சக் குட்டைக்கு வந்து நெருங்குகின்றன. சில தரைவழியாக நடந்தே வேறு குளத்திலிருந்து வரும். அதே குட்டைக்குத்தான் தாகத்தோடு மாடும் வரும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தது. தெரிந்தும், அந்தக் கன்றை அங்கே அனுப்பச் சம்மதித்தேன். உரிமையாளர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சேர்" என்றார். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்று மாலை குளக்கரையில் கனநேரம் நின்றேன். தலைக்கு மேல் தும்பிகள் நுளம்பு பிடித்துக்கொண்டிருந்தன. பறக்கும் இரை எங்கே போகும் என்று முன்கூட்டிக் கணித்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பூச்சி அது. ஆய்வுகளில் நூறு முயற்சிக்குத் தொண்ணூறுக்கு மேல் தப்பாமல் பிடித்திருக்கிறது. சிங்கத்தின் வேட்டையில் பாதிக்கு மேல் தோல்வியில் முடியும். ஒரே குளத்தின் மேலும் ஓரமும் அடியும் தும்பி, பூனை, முதலை என்று ஒவ்வொன்றும் தன் முறையில் காத்திருக்க, நான் ஒரு எதிரியை மட்டும் எண்ணிக் கால்நடையை நடுவில் விட்டிருந்தேன்.

அடுத்து எடுத்த முடிவுகள்

மறுநாளே கால்நடையை அலைகரைக்கு விடுவதை நிறுத்தினோம். கரையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளித் தொட்டி ஒன்று கட்டி, சின்ன மோட்டாரால் குளத்து நீரை அதற்கு இறைத்தோம். மோட்டாருக்கு ஊர்ச் சங்கத்தில் கடன் எடுத்தார்கள். முதலையைச் சுட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஒன்றை அகற்றினாலும் வரட்சி இருக்கும்வரை இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்தோம்.

எனக்குக் கன்றை விடப் பெரிய பயம், பிள்ளைகள் குளிக்கும் துறை அதே கரையில் இருந்தது. மாத்தறையில் நில்வளா கங்கையோரம் மக்கள் ஆற்றுக்குள் மரக்கம்பு நட்டு, முதலை நுழையாத குளிக்கும் அடைப்பு அமைப்பது பழைய வழக்கம். அதே மாதிரி குளிக்கும் துறையைச் சுற்றிக் குற்றிகளை நெருக்கமாக நட்டு, உள்ளே இடுப்பளவு ஆழம் மட்டும் விட்டோம். இரண்டு நாள் சிரமதானம். போத்தல் கொண்டுவந்த இளைஞர்தான் அதிகக் குற்றி சுமந்தார்.

ஆட்டுப்பட்டி ஆவணி முடிவதற்குள் எழும்பியது. ஆறடி உயரக் கம்பிவலை. அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கம் மடித்தது, கிளறினால் காலுக்குக் கம்பிதான் தட்டும். தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், மேலே தகரம். சந்தியில் கழிவு கொட்டுவதை நிறுத்திப் புதைக்கச் சொல்லிப் பிரதேச சபையிடம் பல தடவை போக வேண்டியிருந்தது, நடந்தது ஐப்பசியில்தான். நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் ஒரே நாளில் செய்தோம், பதினொரு நாய்.

விளைவு

கடிபட்ட மூன்று ஆட்டில் ஒன்று ஆறாம் நாள் காயம் அழுகிச் செத்தது. மற்ற இரண்டும் தேறின. ஒன்று மார்கழியில் இரட்டைக் குட்டி போட்டது. உரிமையாளரின் மனைவி ஊசி முழுவதையும் போட்டு முடித்தார். புரட்டாதி முதல் தை வரை பட்டியில் ஓர் ஆடும் போகவில்லை. குளத்தில் முதலை இன்னும் இருக்கிறது. மாரி பெய்து குளம் நிரம்பியதும் தூரப் போய்விட்டது. வீட்டு நாய் இரவில் சங்கிலியில் கிடக்கிறது.

மொத்த இழப்பு ஆறு ஆடும் ஒரு கன்றும். ஐந்து ஆட்டின் சாவை எங்களால் தடுத்திருக்க முடியாது. ஆறாவதைச் சிலவேளை காப்பாற்றியிருக்கலாம். கன்றைக் கட்டாயம் காப்பாற்றியிருக்கலாம்.

இனி மாற்றிச் செய்வது

கால்நடையை இடம் மாற்றச் சொல்லுமுன் புதிய இடத்தில் தண்ணீர் எங்கே, எந்த நேரம் குடிக்கும், அங்கே வேட்டையாடுவது எது என்று தனியாகப் பார்க்கிறேன். பழைய இடத்தின் எதிரியை வைத்துப் புதிய இடத்தை அளப்பதில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை முடிவெடுக்கும் நேரம் திரும்பி வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்தச் சேற்றுத் தடத்தின் கிறுக்கல் படம் என் முன்னால்தான் கிடக்கிறது. வண்டிப் பெட்டியில் இப்போது ஆறு சோடி கையுறை வைத்திருக்கிறேன்.

கூட்டம் சேருமுன் இடத்தைக் காப்பது பற்றியும் ஊரில் பேசினோம். உடலை நகர்த்தாமல் நாலு பக்கமும் படம் எடுப்பது, ஈர மண்ணில் தடம் இருந்தால் எதையாவது கவிழ்த்து மூடுவது, படத்தில் அளவு தெரியப் பக்கத்தில் தீப்பெட்டி வைப்பது. அந்தப் பதினொரு படத்தையும் காட்டித்தான் விளக்கினேன். மகள் பின்வரிசையில் குனிந்தபடி இருந்தாள்.

மாசி தொடக்கத்தில் காலை ஏழு மணிக்கு அந்த இளைஞரிடமிருந்து போன். "சேர், விடியத் திறந்து விட்ட கோழியில ஒண்டைக் கடிச்சுப் போட்டுது. ஒருத்தரையும் கிட்ட விடேல்ல. தடத்துக்கு மேல வாளி கவுத்து வச்சிருக்கிறன்."

போனேன். கோழியின் கழுத்தில் சின்னக் கடி. வாளியைத் தூக்கிப் பார்த்தோம். ஐந்து விரல், ஒவ்வொன்றின் முன்னும் நீண்ட நகம் கீறிய கோடு. தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து அவரே படம் எடுத்தார். கீரி.